அரை மாத்திரைக் கருணை

நம் ஜனங்களில் வைத்தியம் தெரியாதவர் என்று ஒருவரைக் காட்டுவது கஷ்டம். தலைவலி என்று வாய் திறந்தால் எதிரே இருப்பவர் மூன்று மருந்துகளின் பெயரைச் சொல்லுவார். அவற்றில் இரண்டு அவருடைய அலமாரியிலேயே இருக்கும். போன மாதம் அவருக்கு வந்த காய்ச்சலுக்கு வாங்கியதில் மிச்சம். ஐந்து நாளைக்கு எழுதிக் கொடுத்த மாத்திரை. மூன்றாம் நாளே காய்ச்சல் விட்டுவிட்டதால், மீதியை வீணாக விழுங்குவானேன் என்று பத்திரப்படுத்தியிருப்பார். பழைய சோற்றைக் கொட்ட மனம் வராத தேசம் இது; மாத்திரையை எறிய மட்டும் எப்படி மனம் வரும்? என்றைக்காவது யாருக்காவது உதவும் என்று வைத்திருப்பார்கள். பல வீடுகளில் கடைசியாக அது உதவுவது கோழிக்கு.

சிரிக்க வேண்டாம். நான் கோழி வைத்தியத்தைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். கதை படிக்கிறவர்களுக்கு இதில் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். இந்தக் கதையில் கோழி ஒரு சிறு பாத்திரம், கதாநாயகர் நாம்தான். நம்முடைய இரக்கம் என்பது எந்தத் தரத்துச் சரக்கு என்பதை இந்தச் சின்னக் காரியம் காட்டிக் கொடுத்துவிடுகிறது.

கர்நாடக எல்லையை ஒட்டியுள்ள ஓசூரில் மூக்கண்டப்பள்ளி என்று ஒரு பகுதி இருக்கிறது. சிப்காட் தொழிற்பேட்டைக்கு அண்டை. ராகி விளைந்த சீமையில் இப்போது வரிசை வீடுகள் விளைந்திருக்கின்றன. மூன்று ‘ஷிப்டு’களில் வேலை பார்க்கிறவர்கள் அவற்றில் குடியிருக்கிறார்கள். ஒரே குழாயடியில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் கேட்கும். கொஞ்ச வருஷங்களாக இந்தியும் ஒடியாவும் சேர்ந்திருக்கின்றன. நாம் கோழி என்போம், பக்கத்து வீட்டார் கோடி என்பார், எதிர்வீட்டார் கோளி என்பார். கோழி மட்டும் எல்லோருடைய வாசலிலும் பாஷை பேதம் பாராமல் கிளறும்.

அங்கே வீட்டுச் சொந்தக்காரர் ஒருவர் எனக்கு நண்பர். உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர், நல்ல மனிதர். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கெட்ட மனிதர்களைத் திட்டுவதற்குக் கட்டுரை வேண்டியதில்லை. நான் அவரோடு திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது, குடியிருக்கும் பெண் ஒருத்தி ஒரு பெட்டைக் கோழியை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். பின்னாலேயே அவளுடைய மகள், எட்டு வயதிருக்கும், அழுதுகொண்டே வந்தாள். கோழி அந்தக் குழந்தையினுடையது. அறுப்பதற்கு வளர்த்ததல்ல, பள்ளிக்கூடம் விட்டு வந்தால் தோளில் ஏற்றிக்கொண்டு திரிகிற கோழி. இரண்டு நாளாக இரை எடுக்கவில்லையாம். வெள்ளையும் பச்சையுமாகக் கழிகிறதாம். இறக்கை தொங்கிவிட்டது, கழுத்து ஒரு பக்கமாகத் திருகிக்கொண்டிருந்தது.

நண்பர் எழுந்து உள்ளே போனார். பல்வலிக்கு வாங்கியதில் மீதமிருந்த இரண்டு கூட்டுக் குளிகைகளைக் கொண்டுவந்தார்.

“இந்தாம்மா. இது ரொம்ப வீரியமான மருந்து. மனுஷனுக்கே கேக்குது, கோழிக்குக் கேக்காதா? ஒண்ணை உடைச்சுப் பாதிப் பொடியைத் தண்ணியில கலந்து வாயில ஊத்து. மிச்சத்தைக் கோழிங்க குடிக்கிற சட்டியில போட்டுடு. மத்ததுக்கும் வராம இருக்கும்.”

“நீங்க சொன்னா சரியாத்தான் சார் இருக்கும்” என்று அவள் வாங்கிக்கொண்டாள்.

“வேண்டாம்மா, கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோ” என்று நான் சொன்னேன். அவள் என்னையும் அவரையும் பார்த்தாள். வாடகை வாங்குகிறவர் அவர். அவர் பேச்சுத்தான் எடுபட்டது. மறுநாள் விடிவதற்குள் கோழி செத்துப்போயிற்று. குழந்தைக்குச் சமாதானம் சொல்லும்போதுகூட, “மருந்தெல்லாம் குடுத்தோமே கண்ணு” என்றுதான் தாய் சொன்னாள்.

இந்தச் சொல்லோடுதான் எனக்குச் சண்டை. மருந்து கொடுத்தோம் என்கிறார்களே, எந்த மருந்தை, எந்த வியாதிக்குக் கொடுத்தார்கள்?

நண்பர் என்னோடு ஒரு மணி நேரம் வாதாடினார். அவர் சொன்ன நியாயங்கள் நாலு. நாடு முழுவதும் நல்லவர்கள் சொல்லுகிற நியாயங்களும் இவையே. ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

முதல் நியாயம்: “எப்படியும் சாகப் போகிறது. ஒரு மருந்தைக் கொடுத்துப் பார்ப்பதில் என்ன நஷ்டம்?”

அந்தக் கோழியின் லட்சணங்கள் நம் கிராமத்துப் பாட்டிமார்கள் அத்தனை பேருக்கும் தெரிந்தவை. வெள்ளைக் கழிச்சல் என்பார்கள். புஸ்தகத்தில் அதற்கு ராணிக்கெட் நோய் என்று பெயர். 1926-ல் இங்கிலாந்தில் நியூகாஸில் நகரத்துப் பக்கம் கண்டறியப்பட்டது. ஓரிரு வருஷத்தில் நம் இமயமலைச் சாரலில் இருக்கும் ராணிகேத்தில் தென்பட்டது. அதனால் உலகம் முழுவதும் அதை நியூகாஸில் நோய் என்று சொல்ல, நாம் நம்முடைய ஊர்ப் பெயரை வைத்துக்கொண்டோம். அது வைரஸால் வருவது. ஆன்டிபயாடிக் என்று நாம் சொல்லும் மருந்துகளோ பாக்டீரியாக்களைக் கொல்லவோ அடக்கவோ வந்தவை. பெனிசிலின் பாக்டீரியாவின் சுவரைக் கட்டவிடாமல் செய்கிறது. டெட்ராசைக்ளின் அதற்குள்ளே புரதம் தயாராகும் பட்டறையை நிறுத்துகிறது. வைரஸுக்கு அப்படி ஒரு சுவரும் இல்லை, சொந்தப் பட்டறையும் இல்லை. பிறத்தியார் பட்டறையில் புகுந்து தன் சரக்கைத் தயாரித்துக்கொள்கிற ஜாதி அது. இல்லாத பட்டறைக்கு எப்படிப் பூட்டுப் போடுவது?

கோழிக்கு வரும் அம்மையும் வைரஸ்தான். ரத்தமாகக் கழிகிறதே, அது பெரும்பாலும் காக்ஸிடியா என்ற ஓரணு ஒட்டுண்ணியின் வேலை. அதற்கு ஆம்ப்ரோலியம் போன்ற மருந்துகள் தனியே இருக்கின்றன. மூக்கு ஒழுகி, மூச்சு கறகறவென்று இழுக்கும் சளி நோய் ஒன்று உண்டு. மைக்கோபிளாஸ்மா என்ற கிருமியால் வருவது. இதற்கு ஆன்டிபயாடிக் கேட்கும். ஆனால் அந்தக் கிருமிக்குச் சுவரே கிடையாது. ஆகையால் சுவரை இடிக்கும் பெனிசிலின் வகைகள் அதனிடம் செல்லாது, வேறு வகைதான் செல்லும். நாலு வியாதிகள், மூன்றில் ஆன்டிபயாடிக் மூல வியாதியைத் தொடுவதே இல்லை. நாலாவதிலும் எது என்று தெரிந்து கொடுக்க வேண்டும். அலமாரியில் இருந்தது பல்வலி மாத்திரை.

நஷ்டம் என்ன என்று கேட்டாரே, முதல் நஷ்டம் காலம். அந்த இரண்டு நாளில் மற்றக் கோழிகளைப் பிரித்து வைத்திருக்கலாம். வியாதி இன்னதென்று தெரிந்து, அக்கம்பக்கத்தார் கோழிகளுக்காவது காவல் செய்திருக்கலாம். மருந்து கொடுத்தாயிற்று என்ற திருப்தி, செய்ய வேண்டிய காரியங்கள் அத்தனையையும் நிறுத்திவிடுகிறது.

இரண்டாவது நியாயம்: “போன வருஷம் இதே மருந்தில் ஒரு கோழி பிழைத்தது, ஸ்வாமி!”

பிழைத்திருக்கலாம். மருந்து கொடுக்காமலேயும் கோழிகள் பிழைக்கின்றன. அம்மை கண்ட கோழி, வாய்க்குள் புண் பரவாமல் இருந்தால், சில வாரங்களில் தானே தேறிவிடும். லேசான சளியும் அப்படியே. கொடுத்தது பிழைத்தால் மருந்தின் மகிமை; செத்தால் விதி. இந்தக் கணக்கில் எந்த மருந்தும் தோற்காது, விபூதியும் தோற்காது. விபூதியால் கெடுதலாவது இல்லை.

அரை மாத்திரையால் கெடுதல் உண்டு. நான் சண்டைக்கு வருவது இதற்காகத்தான். ஒரு கோழியின் குடலில் கோடானுகோடி பாக்டீரியாக்கள் இருக்கின்றன. அரைகுறை அளவில் மருந்து போனால் பலவீனமானவை சாகும். தாக்குப்பிடிக்கும் சக்தி உள்ள சில தங்கும். இடம் காலி, போட்டி இல்லை, தங்கியவை பெருகும். தங்களுக்கு உள்ள சக்தியை, வேறு இனத்துப் பாக்டீரியாக்களுக்கும் கைமாற்றிக் கொடுக்கும் வித்தை அவற்றுக்குத் தெரியும். கோழியினுடைய கிருமி கற்ற பாடத்தைக் குழந்தையின் குடலில் இருக்கும் கிருமி கற்றுக்கொள்வதற்கு, கழுவாத ஒரு கை போதும்.

இது இன்று நேற்றுக் கண்ட ஞானமல்ல. பெனிசிலினைக் கண்டெடுத்த அலெக்ஸாண்டர் பிளெமிங், 1945 டிசம்பரில் நோபல் பரிசு பெற்றபோது ஆற்றிய உரையிலேயே எச்சரித்துவிட்டார். ஒருவர் தொண்டைவலிக்குத் தாமாகவே பெனிசிலினைப் போதாத அளவில் சாப்பிடுகிறார். கிருமி சாகாமல் பழகிக்கொள்கிறது. அது மனைவிக்குத் தொற்றுகிறது. இப்போது மருந்து கேட்கவில்லை. மனைவி இறந்துபோகிறாள் — இப்படி ஒரு கற்பனைக் கதையே சொல்லி, அந்தச் சாவுக்குப் பொறுப்பு யார் என்று கேட்டார். கதை எழுதுகிறவன் செய்ய வேண்டிய வேலையை அந்த விஞ்ஞானி செய்துவிட்டுப் போயிருக்கிறார். நாம் கதையைத்தான் மறந்துவிட்டோம்.

மூன்றாவது நியாயம்தான் பலமானது. “பெரிய பண்ணைக்காரர்கள் மூட்டை மூட்டையாகக் கொட்டுகிறார்களே, அவர்களைக் கேட்டீரா? என் அரை மாத்திரைதான் உம் கண்ணில் படுகிறதோ?”

கேட்க வேண்டியதுதான். அந்தப் பழக்கம் வந்த வரலாற்றில் நமக்கு ஒரு வேதனையான பங்கும் உண்டு. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ் என்ற மேதை அமெரிக்காவில் லெடர்லி ஆராய்ச்சிக்கூடத்துக்குத் தலைமை வகித்தார். அவர் காலத்தில் அங்கே பிறந்ததுதான் ஆரியோமைசின், டெட்ராசைக்ளின் குடும்பத்தின் மூத்த பிள்ளை. 1948-ல் அவர் காலமானார். அதே ஆண்டுகளில் அதே கூடத்தில் வேறு சிலர், ஆரியோமைசின் தயாரித்து மிஞ்சிய கழிவைக் கோழிக்குஞ்சுகளுக்குத் தீனியில் கலந்து கொடுத்துப் பார்த்தார்கள். குஞ்சுகள் வேகமாக எடை கூடின. மனிதனைக் காப்பதற்கு வந்த மருந்து, கறியைப் பெருக்கும் உரமாயிற்று. வியாதியே இல்லாத கோழிக்குத் தினசரி கொஞ்சம் கொஞ்சமாக மருந்து! கிருமிகளுக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடத்தை யாரும் கட்டியிருக்க முடியாது.

ஐரோப்பிய நாடுகள் 2006-ஆம் ஆண்டு முதல், வளர்ச்சிக்காகத் தீனியில் ஆன்டிபயாடிக் கலப்பதை முழுவதுமாகத் தடை செய்துவிட்டன. நம் நாட்டில், மற்ற மருந்துகள் கைவிட்ட நோயாளிக்குக் கடைசி ஆயுதமாக டாக்டர்கள் வைத்திருக்கும் கோலிஸ்டினைக் கோழித் தீனியில் கலந்துகொண்டிருந்தார்கள். 2019 ஜூலையில்தான் மத்திய அரசு, உணவுக்காக வளர்க்கும் பிராணிகளுக்கு அதைக் கொடுப்பதைத் தடை செய்தது. 2014-ல் டில்லியில் விஞ்ஞான, சுற்றுச்சூழல் மையத்தார் 70 கோழிக்கறி மாதிரிகளைச் சோதித்ததில் நூற்றுக்கு நாற்பதில் ஆன்டிபயாடிக் எச்சம் இருந்தது. பண்ணைகளின் குற்றம் பெரிது என்பதில் எனக்கும் நண்பருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

ஆனால் பெரிய திருடனைக் காட்டிச் சின்னத் திருடன் விடுதலை கேட்கலாமா? மேலும், வீட்டுக் கோழியைச் சின்னக் காரியம் என்று யார் சொன்னது? அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்துக்கு அருகே ஒரு சிறு பண்ணையில் ஸ்டூவர்ட் லெவி என்ற மருத்துவர் ஒரு சோதனை நடத்தினார்; முடிவுகள் 1976-ல் வெளிவந்தன. சில நூறு கோழிகள்தான். அவற்றில் ஒரு பகுதிக்கு டெட்ராசைக்ளின் கலந்த தீனி கொடுத்தார். சில நாட்களிலேயே அந்தக் கோழிகளின் குடல் கிருமிகள் டெட்ராசைக்ளினுக்கு அடங்காதவை ஆயின. சில மாதங்களில், அந்த மருந்தை வாயில் போட்டுக்கொள்ளாத பண்ணை வீட்டுக்காரர்களின் குடலிலும் அடங்காத கிருமிகள் மிகுந்துவிட்டன. அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்களிடம் அப்படி இல்லை. பண்ணைக் கோழி கொட்டகையில் இருக்கிறது. மூக்கண்டப்பள்ளிக் குழந்தையின் கோழி அவள் தோளில் இருந்தது. பண்ணையைவிட வீடு எவ்வளவு நெருக்கம் என்று யோசித்துப் பாருங்கள்.

இன்னொன்று. குடிக்கிற சட்டியில் கொட்டிய மீதி மருந்தைக் குடித்தவை, முட்டையிட்டுக்கொண்டிருந்த மற்றக் கோழிகள். அந்த முட்டை யாருக்கு? வீட்டில் வளர்கிற பிள்ளைக்கு. கால்நடை மருந்தென்றால், எத்தனை நாள் முட்டையையும் பாலையும் கறியையும் தள்ளவேண்டும் என்று அட்டையில் அச்சிடவேண்டும் என 2012-ல் மத்திய அரசு விதி செய்தது. அப்படி எதுவும் குறிக்கப்படாவிட்டால் முட்டைக்கும் பாலுக்கும் குறைந்தது 7 நாள், கறிக்கு 28 நாள். பல்வலி மாத்திரையின் அட்டையில் முட்டையைப் பற்றி என்ன எழுதியிருக்கப் போகிறது?

நாலாவது நியாயத்தை நண்பர் சிரித்துக்கொண்டே சொன்னார்: “கோழிக்குப் போய் டாக்டரா?”

இந்தச் சிரிப்பில்தான் விஷயம் முழுவதும் இருக்கிறது. மாடு என்றால் டாக்டர். மாட்டுக்கு விலை இருக்கிறது. நாய் என்றால் டாக்டர். நாய்க்கு அந்தஸ்து இருக்கிறது. கோழிக்கு இரண்டும் இல்லை, அன்பு மட்டும்தான் இருக்கிறது; அதுவும் ஒரு குழந்தையின் அன்பு. ஆகவே அலமாரியில் மிஞ்சியது போதும்.

டாக்டர் அகப்படாத ஊராக இருந்தால் ஒப்புக்கொள்ளலாம். ஓசூருக்குப் பக்கத்தில் மத்திகிரியில் இருக்கும் கால்நடைப் பண்ணை 1824-ல் வெள்ளைக்காரன் தொடங்கியது. இருநூறு வருஷம் தாண்டிவிட்டது. அதே மத்திகிரியில், தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் கோழிகளுக்கென்றே ஒரு கல்லூரி நடத்துகிறது. கோழியினத்துக்கென்று கல்லூரியே இருக்கும் ஊரில், கோழி வைத்தியம் பல்வலி மாத்திரையில் நடக்கிறது!

ஒன்றை நியாயமாகச் சொல்லவேண்டும். அந்தத் தாயை நான் குற்றம் சொல்லவில்லை. அவள் புருஷன் இரவு ‘ஷிப்டு’ முடித்துத் தூங்குகிறான். அவளுக்குப் பகலில் வேலை. மருந்தகம் திறந்திருக்கும் நேரமும் அவள் வேலை நேரமும் ஒன்று. ஒரு கோழிக்காக அரை நாள் கூலியை அவள் இழப்பதா என்று கேட்டால் எனக்குப் பதில் இல்லை. மாலையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் திறக்கிற மருந்தகம் தொழிற்பேட்டைக்குப் பக்கத்தில் வேண்டும் என்று சர்க்காரைத்தான் கேட்கவேண்டும். ஆனால் திண்ணையில் சும்மா உட்கார்ந்திருந்த நாங்கள் இருவரும் எந்தக் கூலியை இழந்திருப்போம்? நண்பரிடம் ஸ்கூட்டர் இருந்தது. அவளுக்கு வேண்டியிருந்தது அந்த ஸ்கூட்டர். அவர் கொடுத்தது குளிகை. ஸ்கூட்டரை எடுத்தால் ஒரு மணி நேரம் போகும். குளிகை கொடுத்தால் ஒன்றும் போகாது, புண்ணியமும் வரும்.

அதனால்தான் இதை அரை மாத்திரைக் கருணை என்கிறேன். இது நமக்கு நாமே கொடுத்துக்கொள்ளும் மருந்து. கோழியின் கண்ணைப் பார்க்க நமக்குச் சகிக்கவில்லை. அந்தச் சகியாமையைத் தணித்துக்கொள்ள எதையாவது அதன் வாயில் ஊற்றுகிறோம். கருணை என்பது இரங்குவதோடு முடிவதில்லை. கொஞ்சம் விசாரிக்கவும் வேண்டும்.

அப்படியானால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். பெரிய வித்தை ஒன்றுமில்லை. குஞ்சாக இருக்கும்போது முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு, எட்டாவது வாரத்தில் ஓர் ஊசி — வெள்ளைக் கழிச்சலுக்கு இதுதான் காவல். ஊசி போட முடியாத கொல்லைப்புறக் கோழிகளுக்காகத் தீனியோடு கொடுக்கும் குருணை வடிவத் தடுப்பு மருந்தையும் நம் கால்நடைப் பல்கலைக்கழகம் உண்டாக்கியிருக்கிறது. சர்க்கார் பிப்ரவரியில் நடத்தும் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாம்களுக்குத் தூக்கிக்கொண்டு போனால் செலவே இல்லை. நோய் கண்டால், முதலில் அதைத் தனியே வையுங்கள். காற்றும் ஈரமும் படாமல் கதகதப்பாக வைத்து, சுத்தமான தண்ணீர் காட்டுங்கள். எச்சம் என்ன நிறம், எத்தனை நாளாக, வேறு எத்தனை கோழிகளுக்கு என்று கவனித்துக்கொண்டு போய் டாக்டரிடம் சொல்லுங்கள். அவர் ஆன்டிபயாடிக் எழுதினால் தயங்காதீர்கள். தேவையான இடத்தில் அதைக் கொடுக்காமலிருப்பதும் கொடுமைதான். எடைக்குத் தக்க அளவு, சொன்ன நாள் வரைக்கும், ஒரு வேளை தவறாமல் கொடுங்கள். சொன்ன நாள் வரை முட்டையைத் தொடாதீர்கள். மிச்சம் இருந்தால் அலமாரிக்குக் கொண்டுபோகாதீர்கள். பிழைக்காது என்று டாக்டர் சொல்லிவிட்டால் அதையும் குழந்தையிடம் உண்மையாகச் சொல்லுங்கள். செத்ததை ஆழமாகக் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள்.

மருந்துக் கடைக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. டாக்டர் சீட்டில்லாமல் ஆன்டிபயாடிக் விற்கக்கூடாது என்பது சட்டம். வீரியமான சிலவற்றுக்கு வாங்குகிறவர் பெயரைப் பதிவேட்டில் எழுதவேண்டும் என்று 2014 மார்ச் முதல் தனி விதியே இருக்கிறது. “கோழிக்குத்தான் அண்ணா” என்று கேட்டால் கைநீட்டிக் கொடுத்துவிடுகிறவர்கள், கிருமிக்கு அந்த வித்தியாசம் தெரியாது என்பதை நினைத்துக்கொண்டால் போதும்.

2019-ஆம் ஆண்டில் மட்டும், மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களால் உலகத்தில் பன்னிரண்டரை லட்சம் பேருக்கு மேல் இறந்தார்கள் என்று ஆராய்ச்சியாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். அவர்களில் யாரையும் ஒரு கோழிக்கு ஊற்றிய அரை மாத்திரை கொன்றது என்று நான் சொல்லவில்லை. எந்த அரை மாத்திரை என்று யாராலும் சொல்ல முடியாது. அதுதான் இந்தக் குற்றத்தின் வசதி. செய்தவர் பெயர் எந்தப் பதிவேட்டிலும் ஏறாது. செய்தவருக்கே தெரியாது. நல்லவர்கள் நிம்மதியாகச் செய்யக்கூடிய பாவங்கள் உலகத்தில் சொற்பம். அவற்றில் இது ஒன்று. இப்போதாவது எழுந்துபோய் உங்கள் அலமாரியைத் திறந்து பாருங்கள்.